காதுக் கருவி போட்ட பிள்ளையை விளையாட்டில் சேர்க்க என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, காதுக் கருவி போட்டிருக்கிறாள். பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் "அவளுக்குப் புரியாது ஆன்ட்டி" என்கிறார்கள். பெற்றோர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் போடலாமா?

பதில்: கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, அப்புறம் அவளைப் பார்த்து "பாவம்" என்பார்கள், அது இன்னும் மோசம். விளையாட்டை மாற்றுங்கள். ஓட்டப் பந்தயத்தை விசிலுக்குப் பதிலாகக் கொடியசைத்துத் தொடங்கினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். முகம் பார்த்துப் பேசணும், பின்னாலிருந்து கத்தக்கூடாது, இதையெல்லாம் பிள்ளைகள் சட்டெனப் பிடித்துக்கொள்வார்கள்.

பதில்: சரி, ஆனால் பள்ளியையும் விடாதீர்கள். ஐ.நா. 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பள்ளி விளையாட்டிலும் இவர்களுக்குச் சம பங்கு வேண்டும் என்கிறது. சலுகையாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

பதில்: அவளுக்கு விருப்பமென்றால் மட்டும் கருவியைக் காட்டட்டும். தண்ணீரில் விளையாடும்போது கழற்றிவிடுவேன், அப்போது சைகைதான் என்று அவளே சொல்லிவிட்டால் போதும்.