ஐஎன்எஸ் ஜலாஷ்வா: வேலை தெரிந்தவர்கள் பகிருங்கள்

நீர்க்குதிரை (திரி தொடங்கியவர்)

நம் கடற்படையின் படையிறக்கும் கப்பலான ஜலாஷ்வாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அமெரிக்காக்காரன் கழித்துக் கட்டிய கப்பல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கழித்துக் கட்டிய கப்பல்தான் 2020 கொரோனா காலத்தில், வெளிநாட்டில் சிக்கிய 3,359 பேரை ஐந்தே நடையில் ஊர் சேர்த்தது. எப்படி முடிந்தது என்பதற்கான விடை அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. வெல் டெக், பாய்லர், பேலஸ்ட், ஹெலிகாப்டர் தளம் என்று யாருக்கு எது தெரியுமோ அதை எழுதுங்கள். சொந்தப் புராணம் வேண்டாம். அளவு என்ன, முறை என்ன, எங்கே கோளாறு வரும், ஏன் வரும், அது போதும்.

பிறப்புச் சான்றிதழை நானே போட்டுவிடுகிறேன். சியாட்டிலில் லாக்ஹீட் தளத்தில் கட்டியது. 1968 ஆகஸ்டில் நீரில் இறங்கி, 1971 மார்ச் 6-ல் யுஎஸ்எஸ் டிரென்டன் என்ற பெயரில் பணிக்கு வந்தது. ஆஸ்டின் வகுப்பு (ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல்களின் வரிசை), எண் எல்பிடி-14. 2007 ஜனவரி 17-ல் நார்ஃபோக்கில் அமெரிக்கக் கொடி இறங்கிய அதே நாளில் நம் கொடி ஏறியது. ஜூன் 22-ல் விசாகப்பட்டினத்தில் முறைப்படி கிழக்குக் கட்டளையில் சேர்ந்தது. விலை 48.44 மில்லியன் டாலர். கூடவே 6 யுஎச்-3எச் சீ கிங் ஹெலிகாப்டர்கள், அதற்குத் தனியாக 39 மில்லியன். நீளம் 570 அடி, முழுச் சுமையில் சுமார் 17,000 டன். வாங்கும்போதே வயது 36.

பெயரைப் பிரித்தால் ஜலம், அசுவம். ஆனால் அந்தச் சொல்லுக்கு நீர்யானை என்றும் பொருள் உண்டு. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. பாதி உடம்பைத் தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டு வேலை பார்க்கிற கப்பல் இது.

பின்கதவு

அந்த அமிழ்த்துகிற வேலையை நான் எழுதுகிறேன்.

வெல் டெக் என்பது கப்பலின் பின்பாதியில் இருக்கும் ஒரு உள்குளம். 168 அடி நீளம், 50 அடி அகலம். அதற்குள் நான்கு எல்சிஎம்-8 தரையிறங்கு படகுகள் நிற்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74 அடி நீளம், 21 அடி அகலம், 60 டன் சுமை தூக்கும். ஜோடி ஜோடியாக இரண்டு வரிசை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பக்கத்தில் பக்கமாக இரண்டு நின்றால் 42 அடி போய்விடும், மிஞ்சுவது 8 அடி. இரண்டு ஓரமும் நடுவும் சேர்த்துத்தான் அந்த எட்டு. ஒரு இடைவெளிக்கு மூன்றடிகூடத் தேறாது. சுவர் முழுக்கக் கட்டை அடித்திருப்பது இதனால்தான். படகு உரசும் என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள்.

முறை இப்படி. முதலில் காற்றையும் அலையையும் முகப்பில் வாங்கும்படி கப்பலைத் திருப்பி, வேகத்தைக் குறைப்பார்கள். பின்பக்கம் கொஞ்சம் மறைவாகும். வெல் டெக் மின்விசிறிகள் எல்லாம் ஓட வேண்டும், படகு எஞ்சின் எதையும் அதற்கு முன்னால் தொடக்கூடாது. பிறகு பேலஸ்ட் டாங்குகளின் (எடைக்காகத் தண்ணீர் நிரப்பும் தொட்டிகள்) கடல் வால்வுகளைத் திறந்தால் தண்ணீர் தானாக உள்ளே வரும், பம்ப் தேவையில்லை. பின்பக்கம் அமிழும். பின்கதவு கீழ்நோக்கித் திறக்கும். கதவுப் பக்கம் ஆழம் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். அதனால் கதவோரப் படகுதான் முதலில் மிதக்கும், முதலில் போவதும் அதுதான். கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். எந்தப் படகில் எந்த வண்டி என்பதை இதை வைத்துத்தான் துறைமுகத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கரையில் முதலில் வேண்டிய வண்டியை உள்வரிசையில் ஏற்றிவிட்டால் கடலில் திருத்த வழியில்லை.

படகைத் தளத்தோடு கட்டியிருக்கும் சங்கிலியைக் கழற்றுவது கடைசி வேலை. முன்கூட்டியே கழற்றினால் பாதி மிதக்கும் படகு ஓர் அலைக்கு எகிறிப் பக்கத்துப் படகின் மேல் விழும்.

வேலை முடிந்ததும் டாங்குகளுக்குள் அழுத்தக் காற்றை விட்டுத் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். நிரப்புவது சுலபம், காலி செய்வதுதான் நேரம் தின்னும்.

கோளாறு எங்கே வரும்? ஒரு டாங்கின் காற்றுக்குழாய் அடைத்திருந்தால் அது மட்டும் தாமதமாக நிரம்பும், கப்பல் ஒரு பக்கம் சாயும், உள்ளே இருக்கும் தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். இன்னொன்று, பின்னாலிருந்து வரும் நெடிய அலை. உள்ளே புகுந்து முன்சுவரில் மோதித் திரும்பும்போது அடுத்த அலை எதிரே வந்தால் வெல் டெக்கே தொட்டில் மாதிரி ஆடும். வடங்கள் அறுவது அந்த நேரத்தில்தான். அறுந்த வடத்தின் வழியில் யாரும் நிற்கக்கூடாது.

மணல்திட்டு

அப்ப ஜலாஷ்வா கரை ஏறவே ஏறாதா அண்ணே? நம்ம மகர் கப்பல் மாதிரி முன்பக்கம் திறக்கிற வாயும் கிடையாதா?

பின்கதவு

கிடையாது தம்பி. மிதவை ஆழமே 23 அடி, எந்தக் கடற்கரைக்கும் ஒத்துவராது. தூரத்தில் நிற்கும், படகும் ஹெலிகாப்டரும்தான் கரைக்குப் போகும்.

மகர் வேறு சாதி. 1987-ல் பணிக்கு வந்தது, 2023 மே மாதம் கொச்சியில் ஓய்வு பெற்றது. அது எல்எஸ்டி, அதாவது கரையிலேயே போய் முட்டி இறக்குகிற கப்பல், முன்கதவைத் திறந்து சரிவுப்பலகையை மணலில் போடும். அந்த வகையில் சூட்சுமம் முழுக்கப் பின்நங்கூரத்தில். கரை தொடுமுன், கப்பல் நீளத்துக்குப் பல மடங்கு தள்ளியே அதைப் போட்டுவிட்டு, கம்பிவடத்தை விட்டுக்கொண்டே போக வேண்டும். தொட்ட பிறகும் எஞ்சினை மெதுவாக முன்னோக்கியே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தினால் அலை பின்பக்கத்தைத் தள்ளி, கப்பல் கரைக்குக் குறுக்கே படுத்துவிடும். திரும்பும்போது பேலஸ்டைக் காலி செய்து முகப்பைத் தூக்கி, பின்நங்கூர வடத்தை இழுத்தால் கப்பல் தானே கழன்று வரும். வற்றுகிற நேரத்தில் ஏறினால் அடுத்த ஏற்றம் வரைக்கும் மணல்தான் கதி.

ஸ்டோக்கர்

பாய்லரை யாரும் தொடலையா? நான் தொடுறேன்.

ரெண்டு பாய்லர், 600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அழுத்தம்) நீராவி, ரெண்டு டர்பைன், புரொப்பல்லரைச் சுத்துற ரெண்டு ஷாஃப்ட், மொத்தம் 24,000 குதிரைத்திறன். ஓட்டினால் 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வரும். இதெல்லாம் 1960-கள் காலத்து வேலை. டீசல் கப்பல் மாதிரி பட்டனைத் தட்டிக் கிளம்ப முடியாது. முதல்ல ஃபர்னஸுக்குள்ள காற்றை ஊதித் தங்கின வாயுவை வெளியேத்தணும். இதை அவசரத்துல விட்டா முதல் தீப்பொறியிலேயே ஃபர்னஸ் வெடிக்கும். அப்புறம் ஒரே ஒரு பர்னர். மெதுவா சூடேத்தினாத்தான் செங்கல் பூச்சும் டியூபும் ஒண்ணா விரியும். அழுத்தம் ஏறினதும் டர்பைனைச் சும்மா சுத்திச் சுத்திச் சூடாக்கணும், இல்லாட்டி ரோட்டர் வளையும். மணிக்கணக்கு வேலை. "உடனே கிளம்பு"ன்னு உத்தரவு வந்தா, பாய்லர் ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டிருந்தாத்தான் உடனே.

இந்த மாதிரி கப்பலைக் கொல்றது வயசு இல்லை, தண்ணி. நீராவியைத் திரும்பத் தண்ணியாக்குற கண்டென்சர்ல ஒரு டியூப் ஓட்டையானா கடல் தண்ணி, பாய்லருக்குப் போற ஃபீட் வாட்டர்ல கலக்கும். குளோரைடு ஏறும். பாய்லருக்குள்ள உப்புப் படியும், படிஞ்ச இடத்துல சூடு வெளியேறாது, டியூப் வீங்கி வெடிக்கும். ஆக்சிஜன் அடுத்த எதிரி. தண்ணியிலிருந்து காற்றைப் பிரிக்கிற டீஏரேட்டர்ல சூடு குறைஞ்சா காற்று முழுசாப் பிரியாது, டியூப் உள்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா விழும். அதனாலதான் ஒவ்வொரு வாட்சுலயும் (பணி முறையிலயும்) தண்ணி சாம்பிள் எடுக்கிறது. பாய்லர் தண்ணியைக் காட்டுற கேஜ் கிளாஸ்ல மட்டம் கண்ணுக்குத் தெரியலைன்னா யோசிக்கவே கூடாது, எரிபொருளை அடைச்சுட்டு அப்புறம் மேலே சொல்லணும். மட்டம் கீழே போச்சா மேலே போச்சான்னு ஆராய்ச்சி பண்ண நேரம் கிடையாது. கீழே போயிருந்து குளிர்ந்த தண்ணியை விட்டா டியூப் கிழியும்.

உதிரிபாகம்தான் நிஜத் தலைவலி. தங்கச்சிக் கப்பல் போன்ஸ் 2017-லயே ஓய்வு பெற்றுது. அந்த வகுப்பே அமெரிக்கக் கடற்படையில இல்லை.

தொலைநோக்கி

டிரென்டன் காலத்து ஒரு சம்பவத்தை விட்டுவிடக்கூடாது. 1991 ஜனவரி, மொகதிஷு. வளைகுடாப் போர் வெடிக்கப் போகிற நேரம். சோமாலியத் தலைநகரில் உள்நாட்டுச் சண்டைக்கு நடுவே அமெரிக்கத் தூதரகம் சிக்கிக்கொண்டது. குவாம், டிரென்டன் என்ற இரண்டு கப்பல்களும் ஓமன் பக்கமிருந்து தெற்கே விரைந்தன. ஆனால் கப்பல் போய்ச் சேரும்வரை தூதரகம் தாங்காது என்றாகிவிட்டது. ஜனவரி 5 விடியுமுன், இன்னும் 466 கடல் மைல் பாக்கி இருக்கும்போதே, டிரென்டன் தளத்திலிருந்து இரண்டு சிஎச்-53இ ஹெலிகாப்டர்கள் கிளம்பின. உள்ளே 60 வீரர்கள்.

டிரென்டனிலிருந்து ஏன்? குவாமில் இருந்த சிஎச்-46 ஹெலிகாப்டர்களுக்கு அவ்வளவு தூரம் எட்டாது, வானில் எரிபொருள் வாங்கவும் வழியில்லை. 53இ-க்கு வானில் எரிபொருள் வாங்கும் குழாய் உண்டு. இருட்டில் கேசி-130 விமானங்களிடம் எரிபொருள் வாங்கிக்கொண்டே போனார்கள். போன இடத்தில் கையிலிருந்த வரைபடம் பழசு, தூதரகம் இடம் மாறியிருந்தது! முதல் நடையில் 61 பேரை ஏற்றித் திரும்பின. மீதிப் பேரை அன்றிரவு குவாமின் ஹெலிகாப்டர்கள் எடுத்தன. மொத்தம் 281 பேர், 30 நாட்டவர்.

2006 ஜூலையில் லெபனானிலிருந்து அமெரிக்கர்களை ஏற்றியதும் இதே கப்பல். அதற்கு ஆறு மாதம் கழித்து நம் கைக்கு வந்தது. சண்டை போட்டதைவிட ஆளை ஏற்றியதுதான் இதன் வரலாற்றில் அதிகம். குறைத்துச் சொல்லவில்லை.

முத்துநகர்

2020 நடைகளை வரிசையாகப் போடுகிறேன், தூத்துக்குடிக்கு இதில் பெரும்பங்கு. மே 10, மாலேயிலிருந்து கொச்சி, 698 பேர். மே 17, மறுபடி மாலேயிலிருந்து கொச்சி, 588. ஜூன் 2, கொழும்பிலிருந்து தூத்துக்குடி, 686. அடுத்தது மாலேயிலிருந்து தூத்துக்குடி, 700. ஜூலை 1, ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடி, 687. கடைசி நடையில் தமிழக மீனவர்கள் நிறைய. சமுத்திர சேது (கடற்படையின் அந்த மீட்புப் பணியின் பெயர்) முழுவதிலும் வந்தவர்கள் 3,992 பேர். மகர், ஐராவத், ஷார்துல் ஆகிய மூன்று கப்பல்களும் சேர்ந்து கொண்டுவந்தது 633. மிச்சம் எல்லாம் ஜலாஷ்வா.

படைவீரர்கள் 900 பேருக்கு மேல் தங்கக்கூடிய கப்பல், ஏன் ஒரு நடைக்கும் 700-ஐத் தாண்டவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. வீரர்களுக்கான படுக்கை அடுக்கடுக்காக இருக்கும். தொற்றுக் காலத்தில் அதை அப்படியே நிரப்ப முடியாது. பயணிகள் பகுதியும் மாலுமிகள் பகுதியும் கலக்காமல் பிரிக்க வேண்டும். தொற்று இருக்குமோ என்று சந்தேகமுள்ளவர்களுக்குத் தனியிடம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஏணி ஏறாத தளம் வேண்டும், ஏனென்றால் கப்பல் ஏணி வீட்டு மாடிப்படி இல்லை, செங்குத்து. 4 அறுவை அறைகளும் 12 படுக்கை வார்டும் இருந்தது பெரிய துணை.

கவனிக்க வேண்டியது கழிப்பறையும் நன்னீரும். நீராவிக் கப்பலில் கடல்நீரைக் காய்ச்சித்தான் நன்னீர், பாய்லருக்கும் அதிலிருந்துதான் பங்கு. 700 பேர் கூடுதலாகக் குளித்தால் முதலில் கை வைப்பது குளியல் நேரத்தில்தான்.

2021-ல் புருனே, சிங்கப்பூரிலிருந்து 18 ஆக்சிஜன் டாங்குகள், 3,650 சிலிண்டர்கள் வந்ததும் இதே கப்பலில், விசாகப்பட்டினத்துக்கு.

ஸ்டோக்கர்

எல்லாரும் நல்லதையே எழுதுறீங்க. 2008 பிப்ரவரி 2-ஐயும் எழுதணும். ஒரு அதிகாரி, அஞ்சு மாலுமிகள் கப்பலுக்குள்ளயே விஷவாயுவில் இறந்தாங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடுன்னு நம்பப்படுது.

எந்தக் கப்பலா இருந்தாலும் இந்த வாயுவின் குணம் ஒண்ணுதான். கடல் தண்ணியோ கழிவுத் தண்ணியோ மூடின இடத்துல அசையாம தேங்கினா ஆக்சிஜன் தீரும். அப்புறம் சல்ஃபேட்டைத் தின்கிற பாக்டீரியா வேலையை ஆரம்பிக்கும், வெளிவர்றது இந்த வாயு. காற்றைவிடக் கனம், அடியில தங்கும். சேறு கலங்கினாலோ குழாயைக் கழற்றினாலோ மொத்தமாக் கிளம்பும். முதல்ல அழுகின முட்டை நாத்தம் வரும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) பக்கம் போனா மூக்கு செத்துடும், நாத்தம் போயிடுச்சுன்னு ஆள் உள்ளே இறங்குவான். 500-ஐத் தாண்டினா நிமிஷக் கணக்குல சாய்வான்.

இறங்குமுன்னே: மூடியைத் திறந்து மின்விசிறியில் காற்றோட்டம். வாயு அளவியைக் கயிற்றுல கட்டி மேல், நடு, அடி மூணு இடத்துலயும் பார்க்கணும். மேல மட்டும் பார்த்தா ஒண்ணும் காட்டாது. ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கணும், 19.5-க்குக் கீழே யாரும் இறங்கக்கூடாது. வாசல்ல ஒருத்தர் காவல், இடுப்புல உயிர்க்கயிறு, மூச்சுக்கருவி கைக்கெட்டுற தூரத்துல. விழுந்தவனைத் தூக்க மூச்சுக்கருவி இல்லாம ஓடுறவன்தான் அடுத்த பிணம்.

மணல்திட்டு

அளவியே பழுதா இருந்தா எப்படித் தெரியும்?

ஸ்டோக்கர்

நல்ல கேள்வி. ஒவ்வொரு நாளும் எடுக்கும்போது, அளவு தெரிஞ்ச சோதனை வாயுவைக் கொஞ்சம் ஊதிப் பார்க்கணும். அலாரம் அடிக்கலைன்னா தூக்கி ஓரமா வை, வேற எடு. ‘நேத்து நல்லாத்தான் இருந்துச்சு’ செல்லாது. சென்சார் ஈரத்துலயும் பெயின்ட் ஆவியிலயும் சத்தமில்லாம சாகும், திரையில அப்பவும் பூஜ்யம்தான் காட்டிக்கிட்டிருக்கும்.