"எல்லாமே ரிலேட்டிவ்" என்று ஐன்ஸ்டீன் சொன்னாரா?

தெருவிளக்கு:
ரசம் காரமா இல்லையா என்பது குடிப்பவர் நாக்கைப் பொறுத்தது. பத்தாயிரம் ரூபாய் ஒருத்தருக்குப் பெரிய தொகை, இன்னொருத்தருக்குச் சில்லறை. இதைத்தானே 1905-இல் ஐன்ஸ்டீன் சார்பியல் கோட்பாட்டில் (ரிலேட்டிவிட்டி) கணக்குப் போட்டுக் காட்டினார்? நேரமே ஆளுக்கு ஆள் மாறும் என்றால் பொது உண்மை என்று எதைச் சொல்வது?

மியூவான்:
இரண்டையும் ஒரே பையில் போடாதீங்க. உங்க நாக்குக்குத் தெரியும் காரத்தை என் நாக்குக்கு மாற்றிச் சொல்ல வாய்பாடு கிடையாது. இயற்பியலில் அந்த வாய்பாடுதான் கோட்பாடே. இன்னொன்று, இங்கே ஆளே வேண்டாம். கடிகாரமும் அளவுகோலும் போதும்.

ஒரு கலம் ஒளிவேகத்தில் 0.6 மடங்கில் பறக்கிறது. தரைக் கடிகாரங்களின்படி 10 விநாடி, தூரம் 6 ஒளிவிநாடி (ஒளி 6 விநாடியில் போகும் தூரம்). கலத்துக் கடிகாரம் 8 விநாடிதான் காட்டும். இரண்டும் சரி. இப்போ நேரத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழியுங்க. தரைக்கு 100 − 36 = 64. கலம் தன் கணக்கில் நகரவே இல்லை, ஆக 64 − 0 = 64. எந்தக் குறிப்பாயத்தில், அதாவது தரையோ கலமோ எதை நிலையாக வைத்து அளந்தாலும், இந்த 64 அசையாது.

சொல்வேட்டை:
பாதிக் குழப்பம் பெயரால் வந்தது. 1905 கட்டுரைத் தலைப்பில் சார்பியல் என்ற சொல்லே இல்லை. 'இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல்' பற்றித்தான் தலைப்பு. பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. மாறாதவற்றின் கோட்பாடு என்று அழைக்கலாம் என ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல். கட்சிச் சார்பு என்றால் பாரபட்சம், கணக்குப் புத்தகத்தில் சார்பு (ஃபங்ஷன்) என்றால் வேறே சங்கதி. 'சார்புத் திசைவேகம்' என்பதில் மட்டும்தான் சொல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் அங்கே 'எதைப் பொறுத்து' என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும்.

தெருவிளக்கு:
பெயரை விடுங்க. ஒருவருக்கு ஒரே நேரத்தில் நடந்த இரண்டு நிகழ்வு இன்னொருவருக்கு முன்பின்னாக நடக்கிறது. வரிசையே புரளும்போது 64-ஐக் காட்டி என்ன பயன்? இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. செயற்கைக்கோள் கடிகாரங்களைத் திருத்தாவிட்டால் ஜிபிஎஸ் நாளுக்கு 11 கிலோமீட்டர் தவறும் என்கிறார்களே.

மியூவான்:
எல்லா வரிசையும் புரளாது. ஒளியாலும் ஒன்றிலிருந்து மற்றதை எட்ட முடியாத அளவுக்கு விலகி நிற்கும் நிகழ்வுகளுக்குத்தான் முன்பின் மாறும். விதைத்ததும் முளைத்ததும் எந்தக் குறிப்பாயத்திலும் இடம் மாறாது.

நானோவிநாடி:
அந்த 11 கிலோமீட்டர் கதையை இரண்டு தரப்பும் நிறுத்தலாம். ஈர்ப்பு குறைவால் செயற்கைக்கோள் கடிகாரம் நாளுக்குச் சுமார் 45 மைக்ரோவிநாடி முந்தும், வேகத்தால் 7 பிந்தும், மிச்சம் 38. ஒளிவேகத்தால் பெருக்கினால் 11.4 கி.மீ. வருவது உண்மை. ஆனால் ரிசீவர் மூன்று ஆயத்தொலைவோடு தன் கடிகாரப் பிழையையும் நான்காவது மாறியாகத் தீர்க்கிறது. எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே அளவு முந்தினால் அது பெரும்பாலும் அந்த நான்காவதிலேயே கரைந்துவிடும், இடம் அவ்வளவு ஓடாது. இந்தச் சராசரி வேறுபாட்டுக்காகத்தான் கடிகார அதிர்வெண்ணை 10.23 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 10.22999999543 என்று ஏவுவதற்கு முன்பே குறைத்து வைக்கிறார்கள்.

உண்மையில் கடிப்பது சுற்றுப்பாதையின் நீள்வட்டம். மையப்பிறழ்ச்சி (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 0.02 என்றால் கடிகாரம் முன்னும் பின்னும் 46 நானோவிநாடி வரை ஊசலாடும், தூரத்தில் ஏறக்குறைய 14 மீட்டர். இது ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் வேறு வேறு, அதனால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது. ரிசீவர் மென்பொருளில் இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் இடம் தப்பும்.

தெருவிளக்கு:
சரி, 11 கிலோமீட்டரை வாபஸ் வாங்கிக்கிறேன். 64-ஐயும் ஒத்துக்கிறேன். ஆனா எல்லோருக்கும் பொதுவான 'இப்போது' போனது போனதுதானே? அதை மூடி மறைக்காதீங்க.

மியூவான்:
மறைக்கவில்லை, அது போயாச்சு. ரசத்துக்கும் அதற்கும் உறவில்லை என்பதுதான் என் சண்டை.

நானோவிநாடி:
போனதால்தான் ஜிபிஎஸ்ஸில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். பூமியின் மையத்தோடு போகும், ஆனால் பூமியோடு சுழலாத குறிப்பாயம். கடிகாரங்களை ஒத்திசைப்பது அதில்தான். சுழலும் தரையை வைத்துக்கொண்டு நிலநடுக்கோட்டில் ஒவ்வொரு கடிகாரமாக ஒத்திசைத்தபடி ஒரு சுற்று வந்தால், கிளம்பிய கடிகாரத்தோடு 207 நானோவிநாடி இடிக்கும்.