முதல் ஆஃப்ரோடு பைக்: காரைக்குடி பக்கம், உயரம் 5 அடி 4 அங்குலம், எதை எடுக்கலாம்?

கோட்டையூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வேலை காரைக்குடியில், வீடு கோட்டையூர், இப்போது ஓட்டுவது ஸ்ப்ளெண்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்ப் பக்கம், சரளை ரோடு, செம்மண் வண்டிப்பாதை என்று சுற்ற ஒரு வண்டி வேண்டும். ரேஸ் எல்லாம் கிடையாது, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். பட்ஜெட் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம். மனதில் இருப்பவை ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, செகண்ட் ஹேண்டில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, அப்புறம் கவாஸாகி கேஎல்எக்ஸ் 230. நான் 60 கிலோ. எக்ஸ்பல்ஸில் உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு காலும் நுனி விரலில்தான் நிற்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. கூட வந்த நண்பன் பவர் பத்தாது, பெரிதாகவே எடு என்கிறான். இன்னொன்று, நம்ம ஊர்க் கருவேல முள். வாராவாரம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

சரளைமேடு:
தம்பி, பவர் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். நம்ம பக்கம் மலை ஏற்றம் என்று பார்த்தால் பிரான்மலை, குன்றக்குடி மாதிரி ஒன்றிரண்டு, அங்கேயும் பாதி படிக்கட்டு. மீதி எல்லாம் சமதரை. கெட்டித் தரைக்கு மேல் உருளும் சரளை, வரத்துக்கால் குறுக்கே மணல், மழை பெய்தால் கண்மாய்க்குள் கரம்பைச் சேறு. இந்த மூன்றிலும் உங்களைக் கீழே தள்ளுவது பவர் குறைவு இல்லை, எடை. எக்ஸ்பல்ஸ் 160 கிலோவை ஒட்டி. ஹிமாலயன் 411 பெட்ரோலோடு 199. விழுந்த வண்டியைத் தனியாளாகச் சேற்றிலிருந்து நிமிர்த்தும்போது அந்த 40 கிலோ என்ன என்று தெரியும். ஆடு மேய்ப்பவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு தழைக்கட்டு வைத்துக்கொண்டு இதே பாதையில் நம்மைத் தாண்டிப் போவார், பார்த்திருப்பீர்கள்.

கொடை ரோடு 411:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஹிமாலயன் 411 சீட் உயரம் 800 மி.மீ. எக்ஸ்பல்ஸ் 825. காலுக்குப் பயப்படுகிறவருக்கு இந்த ஒரு அங்குலம் பெரிய விஷயம். எடை கீழே இருப்பதால் மெதுவாகப் போகும்போது வண்டி சொன்னபடி கேட்கும். கண்மாயையே எத்தனை மாதம் சுற்றுவார்? அப்புறம் கொடைக்கானல், வால்பாறை என்று ஆசை வரும். அப்போது ஹிமாலயன்தான் சுகம். 2023-உடன் 411 தயாரிப்பு நின்றுவிட்டது, நல்ல வண்டியாகப் பார்த்து எடுத்தால் விலையும் கட்டுப்படியாகும்.

சரளைமேடு:
கொடைக்கானல் போவதற்கு என்றால் நானும் அதையே சொல்வேன் அண்ணே. அவர் கேட்டது ஞாயிற்றுக்கிழமை செம்மண். அதுவும் முதல் வண்டி, விழாமல் கற்றுக்கொள்ள முடியாது. ஒவ்வொரு முறையும் தூக்க ஆள் தேடினால் இரண்டாம் மாதமே ஆசை விட்டுப்போகும். 411-ஐ எடுத்துவிட்டுத் தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

பள்ளத்தூர் ரைடர்:
சீட் உயரம் பற்றி நான் சொல்கிறேன், என் உயரம் 5 அடி 2, ஓட்டுவது எக்ஸ்பல்ஸ். ஷோரூமில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்பில்லாமல் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரைடிங் பூட்ஸ் போட்டாலே காலுக்குக் கீழே கொஞ்சம் உயரம் கூடும். பின் சஸ்பென்ஷன் 170 மி.மீ. வேலை செய்யும், அதில் உங்கள் எடைக்கே ஒரு பங்கு அமிழ்ந்துவிடும். 60 கிலோ என்பதால் பின் ஸ்பிரிங்கை மெக்கானிக்கிடம் சொல்லிக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள், இன்னும் இறங்கும்.

முக்கியமானது இரண்டு காலும் ஊன்றணும் என்கிற எண்ணத்தையே விடுவதுதான். நிற்கும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது காலை முழுசாக ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். நிறுத்துகிற இடத்தை முன்கூட்டியே பாருங்கள், இடப்பக்கம் பள்ளம் இருந்தால் அங்கே நிறுத்தாதீர்கள். ஆலங்குடியார் வீதி நெரிசலில் இதைப் பழகிவிட்டால் காட்டில் பயமே வராது. வண்டியையே தாழ்த்துகிற லோயரிங் லிங்க் போடச் சொல்வார்கள், வேண்டாம். தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவில் இருக்கிற 220 மி.மீ. கிளியரன்ஸுக்காகத்தானே இந்த வண்டியையே எடுக்கிறோம், அதைக் குறைத்துவிட்டு என்ன பயன்? சீட் தைக்கிற கடையில் கொடுத்து ஸ்பாஞ்சை ஓரங்களில் செதுக்கச் சொன்னால் போதும். எக்ஸ்பல்ஸ் ப்ரோ மாடல் பக்கம் போகவே போகாதீர்கள், அதன் சீட் 891 மி.மீ., நமக்கு ஏணி வேண்டும்.

கோட்டையூர்க்காரன்:
அக்கா, இடது கால் விஷயம் ஸ்ப்ளெண்டரிலேயே பழகிப் பார்க்கிறேன். நன்றி. கேஎல்எக்ஸ் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? 139 கிலோதானாமே, எடைதான் முக்கியம் என்றால் அதுதானே சரி?

சரளைமேடு:
எடைக்கு அது ராஜா, மறுக்கவில்லை. 2024 கடைசியில் இங்கே வந்தபோது 3.30 லட்சம், அப்புறம் விலையை நன்றாக இறக்கினார்கள். ஆனால் சீட் 880 மி.மீ., டேங்க் 7.6 லிட்டர். நுனி விரலுக்கே பயப்படுகிற ஆள் 880-இல் ஏறினால் விரல் அந்தரத்தில்தான். இன்னொன்று சர்வீஸ். எக்ஸ்பல்ஸுக்கு கிளட்ச் கேபிள் அறுந்தால் தேவகோட்டையிலோ திருப்பத்தூரிலோ ஹீரோ கடையில் கேட்கலாம், கேஎல்எக்ஸுக்கு எந்த ஊர் வரை போகணும் என்று வாங்குவதற்கு முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். இரண்டாவது வண்டியாக எடுங்கள், அப்போது நானே கூட வருகிறேன்.

எக்ஸ்பல்ஸ் 210-உம் இருக்கிறது, லிக்விட் கூலிங், ஆறு கியர், பவர் கூடுதல். ஆனால் வண்டி விலைக்கு மேல் பூட்ஸ், முட்டிக் காப்பு, கையுறை, நல்ல ஹெல்மெட் எல்லாம் வாங்க வேண்டும். இந்தப் பாதுகாப்புச் சாமான்களுக்குக் குறைந்தது 20,000 ரூபாயாவது ஒதுக்காமல் வண்டி எடுக்காதீர்கள். அதைக் கழித்தால் உங்கள் பட்ஜெட்டுக்கு 200 4வி-தான் நிம்மதி.

முள்வேலி:
முள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எக்ஸ்பல்ஸ் ஸ்போக் வீல், ட்யூப் டயர். கருவேல முள் ஏறும், அதில் சந்தேகம் வேண்டாம். வெட்டிப்போட்ட காய்ந்த முள்தான் மோசம், கண்மாயில் கருவேலம் அழித்த இடம் என்றால் சுற்றிப் போய்விடுங்கள். பஞ்சர் ஒட்டும்போது டயருக்குள் துணியை விட்டு முழுக்கச் சுற்றித் துடைக்கச் சொல்லுங்கள். முள் உள்ளேயே முறிந்து நிற்கும், கடைக்காரர் ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டிவிடுவார், மறுநாள் அதே முள் புது ஓட்டை போடும். காரைக்குடியில் ஒரு கடையில் இப்படி ஒரே முள்ளுக்கு இரண்டு தடவை காசு கொடுத்தவன் நான்.

மண்ணில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் ரொம்ப இறக்கிவிட்டுச் செம்புறாங்கல் விளிம்பில் வேகமாக ஏறினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிக் கிழியும். அது முள்ளை விட மோசம், ஒட்டவும் வராது.

கொடை ரோடு 411:
பழைய எக்ஸ்பல்ஸ் பார்க்கலாமே? 2019-இல் வந்தது இரண்டு வால்வு, நான்கு வால்வு, அதாவது 4வி, 2021-இல் இருந்து. பார்க்கப் போனால் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், நடுவில் தட்டினால் ஹேண்டில் திரும்புகிற பேரிங், அதாவது கோன் செட், போயிருக்கிறது. ஃபோர்க்கில் ஆயில் கசிவு, ரிம்மில் அடி, பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் அதைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் ஆட்டம், எஞ்சினுக்குக் கீழே காப்புத் தகடான பேஷ் பிளேட்டில் பலத்த இடி இருக்கிறதா, இதெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் ஆர்சி, இன்சூரன்ஸ். ஹிமாலயனை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, அது வேறு.

பள்ளத்தூர் ரைடர்:
எங்கே ஓட்டுவது என்றும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கண்மாய்க் கரை மேல் ஏற்றாதீர்கள், ஈரக் கரையில் டயர் தடம் விழுந்தால் அதன் வழியே தண்ணீர் அரிக்கும், ஊர்க்காரர்கள் கோபப்படுவது நியாயம்தான். கோயில் காடு வேண்டாம். தைல மரத் தோட்டம் பெரும்பாலும் வனத்துறை சார்ந்தது, கேட்காமல் உள்ளே போகக் கூடாது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் பக்கம் எட்டியே இருங்கள். அதைச் சுற்றியிருப்பவை பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள், அங்கே போய் சைலன்சர் சத்தம் காட்டினால் நன்றாக இருக்காது. வண்டிப்பாதையே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

சரளையில் முன் பிரேக்கைத் திருப்பத்தில் தொடாதீர்கள், நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி திறந்து பாருங்கள், சர்வீஸ் வரை விட்டால் உள்ளே மிளகாய்த்தூள் கொட்டியது மாதிரி இருக்கும்.

கோட்டையூர்க்காரன்:
சரி, எக்ஸ்பல்ஸ் 200 4வி என்று முடிவு பண்ணிவிட்டேன். முதலில் பழையது இரண்டு மூன்று பார்க்கிறேன், தேறாவிட்டால் புதுசு. நண்பனுக்கு இந்தப் பதில்களை அப்படியே காட்டினேன், ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறான். கடைசியாக ஒன்று, கையில் எந்த ட்யூப் வைத்துக்கொள்வது? முன்னும் பின்னும் வேறு வேறு சைஸ் ஆயிற்றே.

முள்வேலி:
முன்னே 90/90-21, பின்னே 120/80-18. ஒன்றுதான் வைக்க இடம் என்றால் 21 அங்குல ட்யூபை வையுங்கள். அதை அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் திணித்து மெதுவாக வீடு வந்து சேரலாம், 18-ஐ முன்னே போட முடியாது. சின்ன ஊர்க் கடைகளில் 21 கிடைப்பதும் கஷ்டம். கூடவே டயர் லீவர் இரண்டு, கால் பம்ப், ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஸ்பானர். வீட்டு வாசலில் வைத்து ஒரு தடவையாவது கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.