ஈடுசெய் பன்மை: யால், யின்ஸ், யூஸ் வகைக்கு ஒரு சொல்

> ‘வட்டார முன்னிலைப் பன்மை’ என்றே வைத்துவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் பலரை ஒருசேர அழைக்க ஊருக்கு ஊர் வழங்கும் ‘யால்’ (y’all), ‘யின்ஸ்’ (yinz), ‘யூஸ்’ (youse) போன்ற சொற்களுக்குத் தமிழில் ஒரு பொதுப்பெயர் தேடுகிறோம். மேலே உள்ள கேள்விக்கு என் பதில்: வட்டாரம் என்றால் இச்சொற்கள் எங்கே வழங்குகின்றன என்பது மட்டும் தெரியும். ஏன் பிறந்தன என்பது தெரியாது. எனக்கு அந்த ‘ஏன்’தான் முக்கியம்.

ஆங்கிலத்தில் முன்பு முன்னிலை ஒருமைக்குத் ‘தவ்’ (thou), பன்மைக்கு ‘யீ’ (ye), ‘யூ’ (you) என்று தெளிவாக இருந்தது. 13ஆம் நூற்றாண்டு முதல் மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் அழைக்கும் வழக்கம் பரவியது. 17ஆம் நூற்றாண்டில் ‘தவ்’ பொதுப் பேச்சில் அருகிப்போனது. ‘யூ’ என்றால் ஒருவரா பலரா? அந்தக் குறையை அந்தந்த ஊர்க்காரர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்து அடைத்தார்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் ‘யூ ஆல்’ சுருங்கி ‘யால்’ ஆனது. பிட்ஸ்பர்க்கில் ‘யூ ஒன்ஸ்’ தேய்ந்து ‘யின்ஸ்’. டப்ளின், கிளாஸ்கோ, லிவர்பூல், கடல் தாண்டி ஆஸ்திரேலியாவிலும் ‘யூ’வோடு பன்மை விகுதியை ஒட்டி ‘யூஸ்’.

நம் மொழியும் இதே வழியில் வந்ததுதான். தொல்காப்பியத்தில் முன்னிலைப் பன்மை ‘நீயிர்’. பன்மையாக இருந்த ‘நீர்’ ஒருவருக்கான மரியாதைச் சொல்லானது. பன்மைக்குக் ‘கள்’ ஏற்ற ‘நீங்கள்’ வந்தது. அதுவும் மரியாதைக்குப் போய்விட, கல்யாண வீட்டில் கூட்டமாக நிற்பவர்களிடம் “நீங்கள்லாம் சாப்பிட்டாச்சா?” என்கிறோம். ‘யால்’, ‘நீங்கள்லாம்’ இரண்டும் ஒரே கட்டுமானம். இதைக் கவனித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

சென்ற மடலில் இவ்வகைக்குப் பெயராக நான் சொன்ன ‘மீட்புப் பன்மை’யைத் திரும்பப் பெறுகிறேன். பழைய வடிவமே மீண்டு வந்ததுபோல் அது பொருள்படும், வந்தவை புதியவை.

‘ஈடுசெய் பன்மை’ என்று வைப்போம். ‘ஈடுசெய் விடுப்பு’ அரசு அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்குவதால் காதுக்குப் புதிதில்லை. வினைத்தொகை என்பதால் நடுவே ‘ப்’ மிகாது, தட்டச்சிடும்போது கவனியுங்கள்.

‘யூ கைஸ்’, ‘யூ லாட்’ இரண்டும் சொற்றொடர்கள் என்றாலும் செய்கிற வேலை இதுவே, சேர்க்கலாம். அயர்லாந்தில் கார்க், கால்வே பக்கம் வழங்கும் ‘யீ’யை மட்டும் இதில் அடக்காதீர்கள். அது எதையும் ஈடுசெய்ய வந்ததல்ல, போகாமலே தங்கிவிட்ட பழம்பன்மை. அதற்கு ‘எஞ்சிய பன்மை’ என்று தனிப்பதிவு போடலாமா?