கறுப்புக் காய்களுடன் ஆடும்போது டி4-க்கு எளிய பதில் எது?

தண்டையார்பேட்டை சிப்பாய் எழுதுகிறார்:

வணக்கம். பெரம்பூர், கொளத்தூர் பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மண்டபங்களில் நடக்கும் ரேபிட் போட்டிகளில் கலந்துகொள்பவன் நான். எதிராளி ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி இ4 ஆடினால், இ6, டி5 என்று பதில் தரும் பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடுகிறேன். அதில் எந்தக் காய் எங்கே போக வேண்டும் என்பது ஓரளவு தெரியும். ராணியின் சிப்பாயைத் தள்ளும் டி4 வந்தால்தான் சிக்கல். இதுவரை பிஷப்பை ஜி7-ல் நிறுத்தும் கிங்ஸ் இந்தியன் ஆடி வந்தேன். அந்த ஆட்டத்தின் வீரமெல்லாம், வெள்ளை சி4, இ4 என்று நடுவில் சிப்பாய்களை நிறுத்தும்போதுதான் வெளிப்படுகிறது. இங்கே எதிரே வந்து உட்காரும் பத்து வயதுப் பிள்ளைகளோ, இரண்டாம் நகர்த்தலிலேயே பிஷப்பை எஃப்4-ல் வைத்து, இ3, சி3, குதிரை டி2 என்று லண்டன் சிஸ்டத்தைச் சில நொடிகளில் கட்டி முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பிறகு எதை நோக்கி ஆடுவது என்பது எனக்குப் புரிவதில்லை.

எண்ணூரில் ஷிப்ட் வேலை. படிக்கக் கிடைப்பது மின்சார ரயிலில் போய்வரும் நேரம்தான். ஆகவே லண்டன், கோலே, டோரே, குயின்ஸ் கேம்பிட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசையை மனப்பாடம் செய்ய இயலாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சிப்பாய் அமைப்பு உண்டா? வெள்ளை சி4 சிப்பாயை நீட்டும் குயின்ஸ் கேம்பிட்டை ஏற்காமல் இ6 ஆடுவது என் போன்றவர்களுக்கு மிகவும் கனமானதா?

பெரம்பூர் பயிற்சியாளர் எழுதுகிறார்:

நீங்கள் பிரெஞ்சு ஆடுபவர் என்பதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. டி5, இ6 என்ற இரண்டு சிப்பாய்களை நட்டுவிட்டு, தக்க நேரத்தில் சி5 தள்ளுவதுதான் பிரெஞ்சின் உயிர். அதையே டி4-க்கு எதிராகவும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை என்ன பெயர் சொல்லி ஆடினாலும், அதன் சி1 பிஷப் எங்கே போகிறது என்பதை மட்டும் பார்த்து உங்கள் அடுத்த முடிவை எடுத்தால் போதும்.

முதலில் லண்டன், ஏனென்றால் உங்கள் புள்ளிகள் போவது அங்கேதான். 1. டி4 டி5 2. பிஷப் எஃப்4 குதிரை எஃப்6 3. இ3 இ6 4. குதிரை எஃப்3 பிஷப் டி6. வெள்ளையின் கனவு இ5 கட்டத்தில் ஒரு குதிரையை உட்கார வைத்து, டி3 பிஷப்பையும் ராணியையும் உங்கள் ராஜாவின் பக்கம் திருப்புவது. டி6-ல் நிற்கும் பிஷப் அந்த இ5 கட்டத்தைக் காவல் காப்பதோடு, லண்டனின் பெருமைக்குரிய பிஷப்பை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறது. வெள்ளை அதை எடுத்தால் ராணியால் திருப்பி எடுங்கள். ஜி3-க்குப் பின்வாங்கினால் அவசரப்பட்டு நீங்கள் எடுக்காதீர்கள். எடுத்தால் எச் சிப்பாய் ஜி3-க்கு வந்து, எச்1 யானைக்கு வழி திறந்துவிடும். காஸ்லிங் செய்துகொண்டு, சி5, குதிரை சி6, பி6, பிஷப் பி7 என்று வளருங்கள்.

வெள்ளை குதிரையை இ5-க்குக் கொண்டுவந்து எஃப்4 தள்ளி அதைத் தாங்கினால், சி6 குதிரையை இ7 வழியாக எஃப்5-க்குக் கொண்டுபோய் ஜி3 பிஷப்பைத் தாக்குவது தெளிவான திட்டம். இந்த ஒரு குதிரைப் பயணத்தைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு லண்டனைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் போய்விடும். இ5-ல் வந்த குதிரையை டி6 பிஷப்பால் எடுத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். அப்போது டி4 சிப்பாய் இ5-க்கு வந்து, உங்கள் எஃப்6 குதிரையை விரட்டும். எச்7-க்கு இருந்த காவல் அதோடு போகும். டி3 பிஷப் அங்கேதான் குறிவைத்துக் காத்திருக்கும். பிள்ளைகள் ஜெயிக்கும் லண்டன் ஆட்டங்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் முடிகின்றன.

லண்டன் சிறுபிள்ளை ஆட்டம் என்று எண்ண வேண்டாம். 2023 உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென் அதை ஆடித்தான் நெப்போம்னியாச்சியை வென்றார். 2024-ல் சிங்கப்பூரிலும் ஆறாவது ஆட்டத்தில் நம் குகேஷுக்கு எதிராக அதையே எடுத்தார், குகேஷ் கறுப்பில் டிரா செய்தார்.

பிஷப் ஜி5-க்கு வந்தால் இரண்டு நிலைகள் உண்டு. 2. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3. பிஷப் ஜி5 என்று டோரே வந்தால், குதிரையை உடனே இ4-க்குத் தள்ளி பிஷப்பைத் தாக்கிவிட்டு, அது நகர்ந்ததும் சி5 ஆடுங்கள். இரண்டாம் நகர்த்தலிலேயே ஜி5-க்கு வந்தால் எச்6 கேட்டு, பிஷப் எச்4 போனதும் சி6 ஆடிப் பாருங்கள். வெள்ளை யோசிக்காமல் இ3 வைத்தால் ராணி பி6 வந்து பி2 சிப்பாயைத் தாக்கும். அதைக் காக்க ராணி சி1 போனால், இ5 தள்ளுங்கள்; அந்தச் சிப்பாயை எடுத்தால் ராணி பி4-லிருந்து செக் கொடுத்து எச்4 பிஷப்பைத் தூக்கிவிடலாம். வெள்ளை இ3-க்குப் பதிலாகக் குதிரையை எஃப்3-ல் வைத்திருந்தால் இந்த வேலை நடக்காது, ஏனெனில் எச்4-க்கு அந்தக் குதிரையின் காவல் இருக்கும்.

பிஷப் சி1-லேயே அடைபட்டுக் கிடக்க, வெள்ளை இ3 ஆடினால் அது கோலே. இ6 ஆடும் முன்பே உங்கள் சி8 பிஷப்பை எஃப்5-ல் வைத்து, டி3-க்கு வரும் பிஷப்போடு மாற்றிக்கொண்டால் வெள்ளையின் தாக்குதல் அங்கேயே ஓய்ந்துவிடும். பின்னர் வெள்ளை மனம் மாறி சி4 தள்ளினால் சி6 வைத்துத் தாங்குங்கள். குதிரை சி3, பிஷப் ஜி5 என்ற வெரெசோவுக்கு இ6. வெள்ளை இ4 தள்ளினால் நீங்கள் ஆடிப் பழகிய பிரெஞ்சு நிலைக்கே வந்துவிட்டீர்கள். இரண்டாம் நகர்த்தலிலேயே இ4 தள்ளிச் சிப்பாயைப் பலி கொடுப்பவருக்கும் அதே இ6 பதில்தான்.

குதிரை சி3-யும் பிஷப் எஃப்4-ம் சேர்ந்து வந்தால் பி5-க்குக் குதிரை பாயும் மிரட்டல் இருக்கும். ஏ6 ஒன்று போதும்.

இனி உண்மையான குயின்ஸ் கேம்பிட். 1. டி4 டி5 2. சி4 இ6 3. குதிரை சி3 குதிரை எஃப்6 4. பிஷப் ஜி5 பிஷப் இ7 5. இ3 காஸ்லிங் 6. குதிரை எஃப்3 எச்6 7. பிஷப் எச்4 குதிரை இ4. லாஸ்கர் டிஃபென்ஸ் என்று இதற்குப் பெயர். பிஷப்களும் குதிரைகளும் மாறிப் போவதால் கறுப்புக்கு இடநெருக்கடி குறைகிறது. பிறகு டி5 சிப்பாயால் சி4-ஐ எடுத்துவிட்டு, இ5 அல்லது சி5 தள்ளி மூச்சு விடலாம். 2010-ல் சோஃபியாவில் டோபலோவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், 12-வது ஆட்டம் அது, ஆனந்த் கறுப்பில் இதைத்தான் ஆடி, இருவரும் சமப் புள்ளிகளில் இருந்த நிலையில் வெற்றி பெற்றுப் பட்டத்தைத் தக்கவைத்தார். கனமானதா என்று கேட்டிருந்தீர்கள். நகர்த்தல்கள் இயல்பானவை என்பதால், மறந்துபோனாலும் பலகையில் யோசித்தே கண்டுபிடிக்கலாம். கிங்ஸ் இந்தியனில் அந்தச் சலுகை கிடையாது.

வியாசர்பாடி குதிரை எழுதுகிறார்:

பயிற்சியாளர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இ6 ஆடிய நொடியிலேயே சி8 பிஷப்பைச் சிறையில் போட்டுவிடுகிறோம் என்பதை அவர் லேசாகக் கடந்துவிட்டார். பிரெஞ்சிலும் அதே துன்பம், இங்கும் அதே துன்பம் என்றால் ஒருவர் கறுப்பில் ஆடும் எல்லா ஆட்டத்திலும் அந்த பிஷப்புக்கு விடிவே இல்லை. சி4-க்கு சி6 ஆடும் ஸ்லாவ் எனக்கு எளிதாகத் தோன்றுகிறது: 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3, இப்போது சி4 சிப்பாயை எடுத்து, வெள்ளை ஏ4 ஆடியதும் பிஷப்பை எஃப்5-ல் வெளியே கொண்டுவந்துவிடலாம்.

பெரம்பூர் பயிற்சியாளர் எழுதுகிறார்:

தம்பி, ஸ்லாவ் நல்ல ஆட்டம், ஐயமில்லை. ஆனால் மூன்றாம் நகர்த்தலில் வெள்ளை டி5-ல் மாற்றிக்கொண்டால், இரு பக்கமும் கண்ணாடி பார்த்தது போன்ற நிலை வந்துவிடும். தரநிலை குறைந்த எதிராளி டிராவை நாடி அதை ஆடும்போது, வெற்றி தேவைப்படும் கடைசிச் சுற்றில் நீங்கள் என்ன செய்வீர்கள்? சி8 பிஷப்பைப் பொறுத்தவரை, லாஸ்கர் வரிசையில் அது பி7-க்கோ, இ5 தள்ளியபின் நேர்வழியிலோ வெளிவந்துவிடுகிறது. 1927 உலகப் பட்டப் போட்டியில் பியூனஸ் அயர்ஸில் கபாபிளாங்காவும் அலெகினும் ஆடிய 34 ஆட்டங்களில் 32-ல், கேம்பிட்டை ஏற்காமல் இ6 ஆடும் இந்தக் குயின்ஸ் கேம்பிட் டிக்ளைண்ட் வந்தது; சிறைப்பட்ட பிஷப் அவ்வளவு பெரிய நோயாக இருந்திருந்தால் அவர்கள் இருவரும் அதை மாறி மாறி ஏற்றிருக்க மாட்டார்கள். கேள்வி கேட்டவர் பிரெஞ்சு ஆடுபவர் என்பதே என் பரிந்துரைக்கு அடிப்படை. நீங்கள் இ4-க்கு சி6 என்று பதில் தரும் காரோ-கான் ஆடுபவராக இருந்தால் ஸ்லாவ்தான் உங்களுக்கு உறவு.

தண்டையார்பேட்டை சிப்பாய் எழுதுகிறார்:

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள். லண்டனுக்கு எதிராக சி5, ராணி பி6 என்று ஆடி பி2-ஐத் தாக்குவதே சிறந்தது என்று யூடியூபில் பலர் சொல்கிறார்கள், அதை விட்டுவிடலாமா? அடுத்து, வெள்ளை சி4 சிப்பாயால் டி5-ல் மாற்றிக்கொண்டால் லாஸ்கர் வராதே, அப்போது என்ன செய்வது?

ராயபுரம் ராணி எழுதுகிறார்:

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஆடுவது அந்த ராணி பி6 வழிதான். 1. டி4 டி5 2. பிஷப் எஃப்4 குதிரை எஃப்6 3. இ3 சி5 4. சி3 குதிரை சி6 5. குதிரை எஃப்3 ராணி பி6 6. ராணி பி3 சி4. ராணிகள் மாறினால் ஏ சிப்பாய் பி6-க்கு வந்து, யானைக்கு ஏ வரிசை திறந்துவிடும். பி5, பி4 என்று தள்ளும் ஆட்டம் கறுப்புக்கு இனிமையானது. ராணி சி2-க்குப் பின்வாங்கினால் பிஷப் எஃப்5! அந்த பிஷப்பை ராணி எடுத்தால், உங்கள் ராணி பி2-ஐ எடுக்கும். ஏ1 யானைக்கு ஓட இடமில்லை.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காணொளிகளில் பலர் அதை விழுங்கிவிடுகிறார்கள். வெள்ளையின் குதிரை பி1-ல் நிற்கும்போது மட்டுமே இந்தத் தந்திரம் பலிக்கும். ஐந்தாம் நகர்த்தலில் வெள்ளை எஃப்3-க்குப் பதிலாக டி2-ல் குதிரையை வைத்திருந்தால், பி2 போனதும் ஏ1 யானை டி1-க்கு நழுவிவிடும். நீங்கள் ஒன்றிரண்டு சிப்பாய்களுக்காக ஒரு பிஷப்பை இழந்து நிற்பீர்கள். மேலும் இந்த வழியில் இ6-ஐ முன்கூட்டியே ஆடக்கூடாது, ஆடினால் எஃப்5-க்கு பிஷப் வர இயலாது. ஆகவே பயிற்சியாளர் ஐயாவின் டி6 பிஷப் அமைப்பையும் இதையும் பாதிப் பாதியாகக் கலக்காதீர்கள். ரயிலில் படிக்கும் நேரம்தான் உண்டு என்றால் டி6 பிஷப்போடு இருங்கள்.

பெரம்பூர் பயிற்சியாளர் எழுதுகிறார்:

ராயபுரம் அம்மா சொன்னது மிகச் சரி. மாற்று வரிசைக்கு வருகிறேன். சி4 சிப்பாய் டி5-ல் மாறினால் இ6 சிப்பாயால் திருப்பி எடுங்கள். சி8 பிஷப்புக்குக் கதவு தானாகத் திறக்கிறது, வியாசர்பாடித் தம்பியின் மனக்குறையும் தீர்கிறது. வெள்ளை பி4, பி5 என்று தள்ளி உங்கள் சி6 சிப்பாயை உடைக்கப் பார்க்கும். அதற்குப் பத்து நகர்த்தல்களுக்கு மேல் பிடிக்கும் என்பதால், சி6, பிஷப் இ7, காஸ்லிங், குதிரை டி7, யானை இ8, குதிரை எஃப்8 என்று அடுக்கிவிட்டு, இ4 கட்டத்தில் குதிரையை நிறுத்தி ராஜாவின் பக்கம் காய்களைத் திரட்டுங்கள். ராணிப் பக்கம் கைகட்டிக் காத்திருப்பவர்தான் இதில் தோற்பார்.

இந்த வரிசையில் ஒரு பழைய பொறியும் உண்டு. 4. பிஷப் ஜி5-க்கு இ7-ல் பிஷப்பை வைக்காமல் பி8 குதிரையை டி7-ல் வையுங்கள். 5. சி சிப்பாய் டி5-ஐ எடுக்க, இ சிப்பாயால் திருப்பி எடுத்ததும், ‘எஃப்6 குதிரை ராணிக்கு முன்னால் கட்டுண்டு கிடக்கிறது’ என்று நம்பி வெள்ளை சி3 குதிரையால் டி5 சிப்பாயை எடுத்தால், நீங்கள் எஃப்6 குதிரையால் அதை எடுத்துவிடுங்கள். வெள்ளை உங்கள் ராணியை எடுக்கட்டும். பிஷப் பி4 செக்; வெள்ளை தன் ராணியை டி2-ல் குறுக்கே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கணக்கு முடியும்போது ஒரு குதிரை உங்களுக்கு மிச்சம். வெள்ளை விழாவிட்டாலும் உங்களுக்கு நட்டமில்லை, அடுத்து பிஷப்பை இ7-ல் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வெள்ளை ஜி3 வைத்து பிஷப்பை ஜி2-ல் நிறுத்தும் கேட்டலன். உங்கள் தரநிலையில் அரிதாகவே வரும். பிஷப் இ7, காஸ்லிங் முடித்து, சி4-ஐ எடுத்து, ராணி சி2 வந்ததும் ஏ6 ஆடுங்கள். ராணி சி4-ஐத் திருப்பி எடுத்தால் பி5, பிஷப் பி7. ஏ4 தள்ளி பி5-ஐத் தடுத்தால் பிஷப்பை டி7 வழியாக சி6-க்குக் கொண்டுபோய், ஜி2 பிஷப்பின் அதே மூலைவிட்டத்தில் எதிரே நிறுத்திவிடுங்கள்.