100 ஏக்கர் ஆயக்கட்டு மனையாகப் போகிறது: ஏரி, சாலை, வீடு… எதை முதலில் கேட்பது?

ஏரிக்கரை

வணக்கம். மேடவாக்கத்துக்குத் தெற்கே ஓர் ஊராட்சி. ஏரிக்குக் கீழே ஆயக்கட்டாக (ஏரித் தண்ணீரில் பாசனம் பெறும் நிலமாக) இருந்த ஏறத்தாழ 100 ஏக்கரில் பயிர் நின்று பல வருடம் ஆகிறது. நிலம் நாலைந்து பேர் கைக்குப் போய், தனித்தனி லேஅவுட்டாக விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏரி நிறைந்தால் கலங்கலில் (உபரிநீர் வழியும் கட்டில்) வழியும் தண்ணீர் இந்த நிலத்தை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம் போகிறது. ஊருக்கு வரும் சாலை 7 மீட்டர். பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோதான்.

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளானுக்கு) கிராம சபைத் தீர்மானத்தோடு கருத்து அனுப்பப் போகிறோம். "ஏரியைக் காப்பாற்றுங்கள், பஸ் விடுங்கள்" என்று எழுதினால் அது கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். வரைபடத்தில் கோடாகவும் அளவாகவும் எதைக் கேட்கலாம்? எந்த வரிசையில்? ஏழைகளுக்கான அடுக்குமாடி வந்தால் எதிர்ப்பதா வேண்டாமா என்பதில் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, அதையும் சொல்லுங்கள்.

மட்டக்கோல்

தண்ணீரை முதலில் பிடியுங்கள். சாலையைப் பத்து வருடம் கழித்துக்கூட இடித்து அகலப்படுத்தலாம். மனையாக விற்றுப்போன வாய்க்காலைத் திரும்ப வாங்கவே முடியாது.

அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்த 100 ஏக்கரின் எல்லா சர்வே எண்ணுக்கும் புல வரைபடமும் (நில அளவுப் படம்) அ-பதிவேடும் (யாருடைய நிலம், என்ன வகை என்ற பதிவு) எடுத்து, கிராம வரைபடத்தின் மேல் ஒட்டுங்கள். புறம்போக்காக உள்ள வரத்து வாய்க்கால், போக்கு வாய்க்கால் எல்லாம் தனி சர்வே எண்ணோடு தெரியும். மதகிலிருந்து வயலுக்குப் பிரியும் கண்ணி வாய்க்கால்தான் தெரியாது. அது பெரும்பாலும் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுவது, பதிவேட்டில் அதற்கென்று ஓர் எண் இருக்காது. லேஅவுட் வரைபடத்தில் அது காணாமல் போனால் எந்த அதிகாரியையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் காகிதத்தில் அது இருந்ததே இல்லை. நடந்து பார்த்து நீங்கள்தான் குறிக்க வேண்டும். ஐப்பசி மழையில் நடந்தால் ஒரே நாளில் முடியும்.

அடுத்தது ஏரியின் நிறை நீர்மட்டம். கலங்கலின் தலைமட்டத்தை லெவல் கருவியால் எடுத்து, அதே மட்டம் எதிர்ப்பக்கம் எங்கே தரையைத் தொடுகிறது என்று கோடு இழுக்கச் சொல்லுங்கள். கலங்கலை யாராவது அரை அடி உடைத்திருந்தால் ஏரி பார்வைக்குச் சுருங்கிவிடும், ஓரத்து நிலம் "காய்ந்த நிலம்" ஆகிவிடும். அதனால் உடைந்த மட்டத்தை எடுக்காதீர்கள், பழைய கல்கட்டின் மட்டத்தை எடுங்கள்.

இப்போது கணக்கு. 100 ஏக்கர் என்றால் 40 ஹெக்டேர். மணிக்கு 60 மி.மீ. மழை. வயலாக இருந்தால் மழைநீரில் 30 சதவீதம் ஓடும் என்று வைத்தால் வினாடிக்கு 2 கன மீட்டர். கூரையும் தாருமாக மாறி 70 சதவீதம் ஓடினால் 4.7 கன மீட்டர். உள்ளே 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள கான்கிரீட் வடிகால், 2,000-க்கு 1 சரிவில் (உங்கள் பகுதி நிலத்துக்கு இதுவே தாராளம்) முழுக்க ஓடினாலும் வினாடிக்கு சுமார் 0.7 கன மீட்டர்தான் கடத்தும். அதுபோல ஏழு வடிகால் வேண்டும். அதுவும் வடிகால் போய் விழும் முனை தண்ணீரில் மூழ்காமல் இருந்தால்.

மூழ்கும். பள்ளிக்கரணைக்குச் சுமார் 250 ச.கி.மீ. நீர்ப்பிடிப்பு. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு இன்று அதில் ஒரு சிறு பங்கு. வெளியேற முக்கிய வழி ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், பிறகு தெற்கே கோவளம் முகத்துவாரம். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது கால்வாய் இறங்காது. அதனால் "பெரிய வடிகால் போடுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் தண்ணீரைப் பெரும்பாக்கத்துக்காரர் வீட்டுக்குச் சீக்கிரம் அனுப்புவதுதான் அதன் பொருள். "கூடுதலாக ஓடும் நீரை உள்ளேயே தேக்கி மெதுவாக விடு" என்று கேளுங்கள். கூடுதல் 50 மி.மீ.யை நிறுத்த 20,000 கன மீட்டர் இடம் வேண்டும். ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டினால் 3.3 ஏக்கர்.

இரண்டு சின்ன விஷயம், ஆனால் பெரும்பாலான ஊர் மூழ்குவது இதனால்தான். ஒன்று, குறுக்குச் சாலைக்கு அடியில் போடும் குழாய். 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழ வாய்க்காலின் குறுக்கே 600 மி.மீ. குழாய் ஒன்று போட்டால் தண்ணீர் போகும் இடம் பத்தில் ஒரு பங்காகிவிடும். வாய்க்கால் அகலத்துக்குப் பெட்டிக் கல்வெர்ட் (பெட்டி வடிவச் சிறுபாலம்) கேளுங்கள். இரண்டு, மண் நிரப்புவது. 100 ஏக்கரை 1 மீட்டர் உயர்த்த 4 லட்சம் கன மீட்டர் மண், 5 யூனிட் (500 கன அடி) டிப்பரில் சுமார் 28,000 நடை. அவ்வளவு மண் உட்கார்ந்த இடத்தில் முன்பு அவ்வளவு தண்ணீர் நின்றது. அது இனிமேல் பழைய ஊர்த் தெருவில் நிற்கும். முடிவு மட்டம் எவ்வளவு என்று ஒவ்வொரு லேஅவுட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் தலமானது (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்). ராம்சார் எல்லை, அதைச் சுற்றி 1 கி.மீ. ஆகியவற்றுக்குள், கள அளவீடு முடியும்வரை புதிய அனுமதி கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. உங்கள் சர்வே எண்கள் அதற்குள் வருமா, அந்த உத்தரவு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனு எழுதும் முன் பாருங்கள்.

அளவுச்சங்கிலி

மட்டக்கோல் சொன்னது சரி. ஆனால் வாய்க்காலும் சாலையும் ஒரே தாளில் வர வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்கால் மேலேயே சாலை வரும், "இரண்டும் இருக்கிறதே" என்பார்கள்.

தனித்தனி லேஅவுட்டில் நடப்பது இதுதான். ஒருவர் போட்ட 9 மீட்டர் சாலை அவர் எல்லையில் முட்டி நிற்கும். பக்கத்து லேஅவுட்காரர் அந்த இடத்தில் மனை போட்டு விற்றிருப்பார். சிலர் சாலை முடிவில் ஓரடி அகலத்துக்கு ஒரு துண்டைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். பின்னால் வருபவர் அந்த ஓரடிக்கு விலை பேச வேண்டும். உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதும்போது சாலை பக்கத்து சர்வே எல்லைவரை போகிறதா என்று ஊராட்சியில் யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

இன்னொன்று. ஒரு லேஅவுட் 10,000 ச.மீ.க்கு மேல் போனால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக நிலமாகவே கொடுத்தாக வேண்டும், நலிந்த பிரிவினருக்கு மனையும் ஒதுக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் திறந்தவெளிக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். 10,000 ச.மீ. என்பது 2.47 ஏக்கர். 2.4 ஏக்கர், 2.4 ஏக்கர் என்று வரிசையாக விண்ணப்பம் வந்தால் சங்கதி புரிந்துகொள்ளுங்கள். 100 ஏக்கரும் இப்படி நறுக்கப்பட்டால் ஒரு விளையாட்டுத் திடல்கூட மிஞ்சாது.

அதனால் ஒவ்வொரு லேஅவுட்டோடும் மல்லுக்கட்டுவதை விட, 100 ஏக்கருக்கும் சேர்த்து ஒரு விரிவான வளர்ச்சித் திட்டமோ நிலத் தொகுப்புத் திட்டமோ கேளுங்கள். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. குஜராத்தில் ஊரமைப்புத் திட்டங்கள் பல காலமாக இப்படித்தான் நடக்கின்றன. எல்லோர் நிலத்தையும் ஒன்றாகப் போட்டு, சாலைக்கு 15 சதவீதம், பூங்காவுக்கு 5, பள்ளி மருத்துவமனைக்கு 5, விற்றுச் செலவை ஈடுகட்ட 15 என்று 40 சதவீதம் வரை எடுத்துக்கொண்டு மீதியை ஒழுங்கான மனையாகத் திருப்பித் தருவார்கள். 60 சதவீதம் திரும்பி வருகிறவருக்கு நட்டமில்லாமல் இருக்க ஏக்கர் விலை 1.67 மடங்கு ஏற வேண்டும். சாலை வந்தால் அது ஏறிவிடும். சிக்கல் சிறு விவசாயிக்குத்தான். 20 சென்ட் வைத்திருப்பவருக்கு 12 சென்ட்தான் திரும்பும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பிடித்தம் குறைவு என்று தீர்மானத்தில் எழுதாவிட்டால் கிராம சபையிலேயே இது தோற்கும்.

கடைசி பஸ்

பஸ் வேண்டும் என்றால் முதலில் பஸ் திரும்பும் சாலை வேண்டும். பஸ் அகலம் 2.5 மீட்டருக்குச் சற்று மேல். எதிரெதிரே இரண்டு போக 7 மீட்டர் தார், இருபக்கமும் 1.8 மீட்டர் நடைபாதை (அடியில் வடிகால்), கம்பத்துக்கும் கேபிளுக்கும் மீதி. ஆக 12 மீட்டர். 9 மீட்டர் சாலையில் ஒரு கார் நின்றால் பஸ் நின்றுவிடும், இரண்டு வாரத்தில் டிரைவர்கள் அந்தத் தடத்தை வெறுத்துவிடுவார்கள். 100 ஏக்கர் முழுக்க 12 மீட்டர் கேட்காதீர்கள். ஊரின் இரண்டு முனையையும் இணைக்கும் ஒரே கோடு போதும், ஆனால் அது முட்டுச்சந்தாக முடியக்கூடாது. முடிகிற இடத்தில் சுமார் 30-க்கு 40 மீட்டர் திருப்புமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். 0.3 ஏக்கர்தான்.

நில உரிமையாளர்களை இதற்குச் சம்மதிக்க வைக்க ஒரு துருப்பு இருக்கிறது. 2019 கட்டட விதிகளில் பிரீமியம் எஃப்எஸ்ஐ (பணம் கட்டிப் பெறும் கூடுதல் கட்டடப் பரப்பு) சாலை அகலத்தோடு ஏறும். 9 மீட்டருக்கு 30 சதவீதம், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டருக்கு 50. அகலச் சாலை அவர்களுக்கே லாபம்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் போகிறது. எனவே தி.நகருக்கு நேர் பஸ் கேட்டு மல்லாடாமல், மெட்ரோ நிலையத்துக்கு இணைப்பு பஸ் கேளுங்கள். 6 கி.மீ. தடம், மணிக்கு 15 கி.மீ. வேகம், போக 24 நிமிடம், வர 24, இரு முனையிலும் 6 நிமிட நிறுத்தம். மொத்தம் ஒரு மணி நேரம். 10 நிமிடத்துக்கு ஒன்று வேண்டும் என்றால் 6 வண்டி, கூட ஒன்று கையிருப்பு. இப்படி எழுதிக் கொடுத்தால் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் பேச முடியும். நாளுக்கு நாலு நடை வரும் பஸ்ஸை யாரும் நம்ப மாட்டார்கள், எல்லோரும் பைக் வாங்கிவிடுவார்கள், பிறகு "ஆள் ஏறவில்லை" என்று அதையும் நிறுத்துவார்கள்.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. 2023 டிசம்பர் கடைசியில் பேருந்து முனையம் திறந்தபோது, எதிரே தண்டவாளம் ஓடியும் நிலையம் இல்லை. மூட்டையோடு இறங்கியவர்கள் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து அலைந்தார்கள்.

ஏரிக்கரை

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். மட்டக்கோல் சொன்ன 3.3 ஏக்கர் குளத்தை 10 சதவீதத் திறந்தவெளியில் கழித்துக்கொள்ளலாமா? சாலை 30 ஏக்கர் போனால் மீதி 70-ல் 7 ஏக்கர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம்.

மட்டக்கோல்

முழுக்கக் கழிக்க விடாதீர்கள். இன்று "குளம்" என்று கழிப்பார்கள், நாளை பிள்ளைகளுக்கு விளையாட இடம் இருக்காது. பாதி நிரந்தரக் குளம், பாதி ஒரு மீட்டர் தாழ்த்திய திடல் என்று போடுங்கள். திடல் வருடத்தில் சில நாள்தான் மூழ்கும். திடலில் ஆழம் குறைவதால் மொத்தப் பரப்பு 4 ஏக்கர் வரும். முக்கியம், அது நிலத்தின் தாழ்ந்த மூலையில் இருக்க வேண்டும். பல லேஅவுட்டில் விற்காத முக்கோணத் துண்டைத்தான் திறந்தவெளி என்று கொடுப்பார்கள், அது மேட்டில் இருக்கும்.

குடக்கூலி

அடுக்குமாடி கேள்வி தனியாக விட்டுப்போயிருக்கிறது. ஏழைகள் வருவதை எதிர்க்காதீர்கள். ஒரே இடத்தில் குவிப்பதை எதிர்த்தால் போதும். குடிசைப் பகுதி மக்களை மாற்றிக் குடியேற்றிய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றிலும் தவறியது இதுதான். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கு மேல் குடியிருப்பு. நகர நடுவில் வீட்டுவேலை, மீன் வியாபாரம், கூலி என்று இருந்தவர்களை அங்கே கொண்டுவந்தபோது வீடு கிடைத்தது, பிழைப்பு தூரமாகிவிட்டது. எட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றால் முதியவர்கள் கீழே இறங்குவதே இல்லை.

அதனால் இப்படிக் கேளுங்கள். நலிந்த பிரிவு மனைகள் பஸ் கோட்டிலிருந்து 400 மீட்டருக்குள், நாலைந்து இடமாகப் பிரித்து. கட்டடம் தரையும் மூன்று மாடியும், லிப்ட் இல்லாமலே ஏறும் உயரம். வீடு ஒப்படைக்கும் நாளுக்கு முன் பஸ்ஸும் ரேஷன் கடையும் தொடக்கப் பள்ளியும் ஓட வேண்டும் என்பதை நிபந்தனையாக எழுதுங்கள். "படிப்படியாக" என்ற சொல் வரைவில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

கழிவுநீரை யாரும் பேசவில்லை. 2,500 குடும்பம் என்றால் 10,000 பேர், ஆளுக்கு 108 லிட்டர் கழிவு, நாளுக்கு 10.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 90 நடை. 90 நடையும் சுத்திகரிப்பு நிலையம் வரை போகும் என்று யாராவது நம்பினால் அவர்களை இரவு பத்து மணிக்கு மேல் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடமும், அதிலிருந்து வரும் நீர் எந்த வாய்க்காலில் விழும் என்பதும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.