2015-இல் வாங்கிய கணினி: பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

நூற்கட்டு:
எங்கள் அச்சகத்தில் பக்க வடிவமைப்புக்கென்று 2015-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி ஒன்று இருக்கிறது. இன்டெல் ஐ5-4460 பிராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சில மாதங்களாக, போட்டுவிட்டு வேறு வேலையை முடித்துவிட்டு வந்தாலும் திரை தயாராக இருப்பதில்லை. பெரிய புத்தகக் கோப்பை பி.டி.எஃப். ஆக்கும்போது எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிடுகிறது. இரவு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போனால், மறுநாள் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறது. பார்க்க வந்தவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். பழுது பார்க்கலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

வடகரை:
புதிது வாங்குங்கள். ஐ5-4460 நான்காம் தலைமுறைப் பிராசசர். விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் வரிசை எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தனிநபராகப் பதிவு செய்துகொள்பவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 அக்டோபர் 13 வரைதான். இந்தக் கணினிக்காக வாங்கும் பழைய வகை டிடிஆர்3 ரேமை நாளை புதிய மதர்போர்டில் செருக முடியாது, இந்தச் சாக்கெட்டுக்குப் புதிய பிராசசரும் இனி வராது. வாடிக்கையாளர் கோப்புகளையும் வங்கிக் கணக்கையும் கையாளும் ஒரு கடை, முடிந்துபோன பாதையில் பணத்தைப் போடக் கூடாது.

தாமிரக்கம்பி:
வடகரை அவர்கள் சொல்லும் தேதிகள் சரியானவை. ஆனால் நூற்கட்டு அவர்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட பிராசசரின் வயதால் வருவதல்ல. தேதி பின்னால் போவது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததற்கான அடையாளம். காசு வடிவிலுள்ள அந்த 3 வோல்ட் பேட்டரி கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சுமை ஏறும்போது மட்டும் சட்டென்று அணைகிறது என்றால் முதலில் சூட்டைப் பார்க்க வேண்டும், அடுத்து கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸை. மெதுவாகத் திறப்பதற்குப் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம்: நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும், விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அது அங்குமிங்கும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகளை எடுங்கள். எச்.டபிள்யூ.இன்ஃபோ நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய பி.டி.எஃப். உருவாக்கி, பிராசசர் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகள்), சி7 (கேபிள் வழியே வரும் பிழைகள்) ஆகிய மூன்று வரிகளின் எண்களை இங்கே பதியுங்கள். மதர்போர்டு போய்விட்டது என்று அளவு எடுக்காமல் சொல்வதை நான் ஏற்பதில்லை.

வடகரை:
அளவு எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. ஒவ்வொன்றாகச் சரிசெய்யப் போய், பேட்டரி, எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்), ரேம், எஸ்.எம்.பி.எஸ். என்று பட்டியல் நீண்டு, கடைசியில் புதிய கணினியின் விலையில் பாதி கரைந்துவிடும் என்பதே என் கவலை. அவ்வளவும் செய்த பிறகு ஒருநாள் மதர்போர்டு கெப்பாசிட்டர் உப்பினால் யார் பொறுப்பு?

தேன்சிட்டு:
ஒன்றைச் சேர்க்கிறேன். யு.பி.எஸ். பேட்டரி பழையதாக இருந்தால், மின்னழுத்தம் சற்றுத் தாழும் நேரத்தில் அது சுமையைத் தாங்காமல் கணினியை விட்டுவிடும். பார்ப்பவர்கள் கணினியைத்தான் குறை சொல்வார்கள். ஒருநாள் நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் போட்டு அதே வேலையைச் செய்து பாருங்கள். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் கெர்னல்-பவர் 41 என்று இருந்தால், முறையாக மூடாமல் அணைந்தது என்பது மட்டுமே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் 12 வோல்ட் தடத்தை மல்டிமீட்டரில் பார்த்தால் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். சுமையின்போது அதற்குக் கீழே இறங்கினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நூற்கட்டு:
அனைவருக்கும் நன்றி. சுவர்ப் பிளக்கிலும் அணைந்தது. 12 வோல்ட் தடம் சுமையிலும் 11.9-க்குக் கீழே போகவில்லை. ஆனால் பி.டி.எஃப். தொடங்கிய சற்று நேரத்தில் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டுவிட்டது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பிராசசர் மேல் உள்ள விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளித் துணியைப் போலப் படிந்திருந்தது. அதைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று துளையிலிருந்து மேலேறி நின்றது. விரலால் தொட்டால் அந்த மூலை ஆடுகிறது. உப்பிய கெப்பாசிட்டர் எதுவும் கண்ணில் படவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் 05 வரி சுழியம், சி7 சுழியம், சி5-இல் 18 என்று காட்டுகிறது.

தாமிரக்கம்பி:
அணைவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு கால் கழன்றதால் கூலர் (அந்த விசிறியும் தகடுகளும் சேர்ந்த பாகம்) பிராசசர்மேல் சமமாக அழுந்தவில்லை. கூலரைக் கழற்றி, பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருப்பதைத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து, நான்கு கால்களையும் குறுக்கு மூலைகளாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் சொடுக்கென்று உட்கார வேண்டும். கால் உடைந்திருந்தால் வேறு கூலர் போடுங்கள்.

சி5 எண்ணைக் கவனமாகப் படியுங்கள். அந்த நிரல் வழக்கமாகப் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் காட்டும் என்பதால் 18 என்பது 16-உம் 8-உம் சேர்ந்து 24 ஆகும். அதாவது 24 பகுதிகளைப் படிக்க முடியாமல் ஹார்ட் டிஸ்க் நிறுத்தி வைத்திருக்கிறது. அங்கே முட்டி முட்டித்தான் இவ்வளவு தாமதம். சி7 சுழியமாக இருப்பதால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஹார்ட் டிஸ்க் செருகும் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்குங்கள். எச்81-இல் விநாடிக்கு 6 கிகாபிட் வேகமுள்ள சாட்டா முனைகள் இரண்டுதான், மற்ற இரண்டும் 3 கிகாபிட். மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்த்து வேகமான முனையில் செருகுங்கள். ரேமையும் 8 ஜிபி ஆக்குங்கள். ஒற்றை 4 ஜிபி துண்டில் நினைவகத்தின் இரண்டு தடங்களில் ஒன்றுதான் இயங்குகிறது.

வடகரை:
எஸ்.எஸ்.டி.க்கு நான் உடன்படுகிறேன், அது புதிய கணினிக்கும் பயன்படும். பேட்டரியும் தெர்மல் பேஸ்டும் பெரிய செலவல்ல. ரேம் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை: அந்தப் பணம் இந்தப் பெட்டியோடு போய்விடும். திருத்தங்கள் நின்ற பிறகு வங்கி வேலையை இந்தக் கணினியில் செய்யவே கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன்.

தாமிரக்கம்பி:
வங்கி பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ரேமில் ஒப்பமாட்டேன், 4 ஜிபியில் பக்க வடிவமைப்பும் உலாவியும் சேர்ந்து திறந்தால், எஸ்.எஸ்.டி. இருந்தும் அது மூச்சு வாங்கும். இதைத் தள்ளி வைக்கலாம், ஆனால் கோப்புகளைத் தள்ளி வைக்கக் கூடாது. வெப்பச் சோதனையோ மறுநிறுவலோ எதுவும் இப்போது வேண்டாம். முதலில் வாடிக்கையாளர் கோப்புகளை வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். ஏதேனும் ஒரு கோப்பில் நகல் முடங்கினால் மீண்டும் மீண்டும் முயலாமல் அடுத்ததற்குப் போங்கள். விட்டுப்போனவற்றை லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு கடைசியில் எடுக்கலாம்.

நூற்கட்டு:
நகலெடுக்கத் தொடங்கிவிட்டேன். கூலருக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் நாளை ஆர்டர் கொடுக்கிறேன். ரேமை, எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு டாஸ்க் மேனேஜரில் நினைவகம் எவ்வளவு நிரம்புகிறது என்று பார்த்து முடிவு செய்கிறேன்.